அமெரிக்காவுல இருந்து வந்த குவெர்செடின் மாத்திரை: அசிட்ரோம் சாப்பிடுறவருக்குக் குடுக்கலாமா?

நாகலூர் காபிக்காரி

வணக்கங்க. நான் ஏற்காடு நாகலூர் பக்கம். ரெண்டே முக்கால் ஏக்கர்ல காபியும், சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகும்தான் எங்க பொழப்பு. வீட்டுக்காரருக்கு 61 வயசு. சின்னப் பையனா இருந்தப்ப வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்துல போய் உக்காந்துக்கிச்சு. 2011-ல மைட்ரல் வால்வை எடுத்துட்டு உலோக வால்வு வெச்சாங்க. மழை இல்லாத ராத்திரியில பக்கத்துல படுத்தா அவர் நெஞ்சுக்குள்ள டிக் டிக்னு கைக்கடிகாரம் மாதிரி கேக்கும். முதல் வருஷம் அந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கம் வரல. இப்ப அது கேக்கலைன்னாத்தான் முழிப்பு தட்டுது.

அன்னையில இருந்து, வால்வுல ரத்தம் கட்டாம இருக்க அசிட்ரோம் மாத்திரை. திங்கள், புதன், வெள்ளி 2 மில்லிகிராம், மத்த நாள் 1. மறந்துறக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு வெச்சிருக்கேன்: ராத்திரி மாத்திரை போட்டப்புறம்தான் தினசரி காலண்டர்ல தாளைக் கிழிக்கணும். காலையில பழைய தேதி தொங்கிட்டிருந்தா மாத்திரை போடலைன்னு அர்த்தம். மாசம் ஒருக்கா 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துல ஐ.என்.ஆர் பாக்குறோம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற டெஸ்ட், அளவு கூடினா ரத்தம் ரொம்ப இளகிடுச்சுன்னு அர்த்தம். 2.5-ல இருந்து 3.5-க்குள்ள நிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மருமகன் நியூ ஜெர்சியில இருக்கார். பொங்கலுக்கு வந்தப்ப ஒரு டப்பா குடுத்துட்டுப் போனார். குவெர்செடின்னு போட்டிருக்கு. மிளகு உதிர்க்கிற சீசன் வந்தா இவருக்குத் தும்மல் நிக்காது, நாப்பது ஐம்பது தும்மல் தொடர்ந்து போடுவார். “இது வெங்காயத்துல இருக்கிற சத்துதான் அத்தை, இயற்கையான அலர்ஜி மாத்திரை. மாமாவுக்கு வயசாகறதைக்கூடத் தள்ளிப்போடும்”னார் மருமகன். டப்பாவுல சிவப்பு வெங்காயம் படம் போட்டு 1000 மில்லிகிராம்னு பெருசா எழுதியிருக்கு. வெங்காயம்தானேன்னு தினம் ஒண்ணு குடுத்தேன். ஒம்பது நாள் ஆச்சு.

நேத்து பல் விளக்கறப்ப ஈறுல ரத்தம். முன்கையில, மூட்டை தூக்குனப்ப உரசுன இடத்துல, ஒரு ரூபா காசு அளவுக்கு ஊதா நிறமா கன்னிப்போயிருக்கு. வலி இல்லைங்கறார். அலர்ஜி மாத்திரையாலதான் இப்படி ஆகுதா? செடியில இருந்து வர்றது இப்படிச் செய்யுமா? டாக்டரைக் கேக்காம குடுத்தது என் தப்பு, அதனால அவர்கிட்ட சொல்லவே பயமா இருக்கு.

அஞ்சுரோட்டுக்காரன்

அக்கா, நான் ரெண்டு வருஷமா 500 மில்லிகிராம் எடுக்கறேன். ஜிம்ல பாதிப் பேரு எடுக்கறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல, சளி பிடிக்கறதுதான் குறைஞ்சிருக்கு. கொரோனா நேரத்துல இதுக்கும் துத்தநாக மாத்திரைக்கும் கடையில அடிதடி. குவெர்செடின் ஃபிளேவனாய்டுங்கற செடிச் சத்து வகைதான், அது டீயில இருக்கு, ஆப்பிள் தோல்ல இருக்கு, முருங்கைக்கீரையில இருக்கு. பயப்படாதீங்க.

செவ்வாய்ப்பேட்டை மருந்தாளர்

தம்பி, உங்களுக்கு 30 வயசு, வேற மாத்திரை கிடையாது. அவங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல உலோக வால்வு. ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குப் போடாதீங்க.

அம்மா, மத்ததைப் பிறகு பேசலாம், முதல்ல இதைச் செய்யுங்க. அந்த கேப்ஸ்யூலை இன்னைக்கே நிறுத்துங்க. நாளைக்கு முதல் பஸ்ஸைப் பிடிச்சு இறங்கி ஐ.என்.ஆர் பாருங்க. டாக்டர்கிட்ட டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்க, ஃபோட்டோ போதாது. அசிட்ரோமை மட்டும் நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க. வால்வுல ரத்தம் கட்டிக்கிட்டா ஈறுல கசியறதைவிட நூறு மடங்கு ஆபத்து. மலம் தார் மாதிரி கறுப்பா போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, திடீர்னு பெரிய தலைவலி, பேச்சுக் குழறல் வந்தாலோ பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே 108-க்குக் கூப்பிடுங்க.

இப்ப உங்க கேள்வி. மருமகன் சொன்னதுல பொய் இல்லை. வெங்காயத்துல குவெர்செடின் இருக்குங்கறது நிஜம். ஆனா எவ்வளவு? சாதாரண பெரிய வெங்காயம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20-ல இருந்து 40 மில்லிகிராம். 500 வேணும்னா கிலோ கணக்குல வெங்காயம் தின்னணும், ஒன்றேகால்ல இருந்து இரண்டரை கிலோ வரை. லீ பஜார் மூட்டைக்காரர்கூட ஒரு நாளைக்கு அவ்வளவு சாப்பிட மாட்டார். சாம்பார்ல போடுற வெங்காயம் உணவு. டப்பாவுல இருக்கறது மருந்து அளவு. பேர் ஒண்ணா இருக்கறதாலதான் ஜனங்க ஏமாந்துடறாங்க.

ஆரோக்கியமான ஆளுக்கு இது விஷமான்னா, இல்லை. தினம் 500, 1000 மில்லிகிராம் கணக்குல சில வாரம் குடுத்துப் பாத்த ஆய்வுகள் நிறைய இருக்கு. சிலருக்குத் தலைவலி, சிலருக்குக் கை கால்ல எறும்பு ஊர்ற மாதிரி, அவ்வளவுதான். அமெரிக்காவுல உணவுல சேர்க்க ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் வரைக்கும்னு ஒரு கம்பெனி குடுத்த அறிவிப்புக்கு 2010-ல அங்கத்திய உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ மறுப்பு சொல்லல. ரத்தக்குழாய்ல நேரா ஏத்திப் பாத்த பழைய புற்றுநோய் ஆய்வுல மட்டும் அதிக அளவுல சிறுநீரகத்தைத் தாக்கிச்சு. வாயில போடுறதுக்கும் அதுக்கும் தூரம் அதிகம், ஏன்னா குடல் இதைக் கொஞ்சமாத்தான் உறிஞ்சுது. கர்ப்பிணிக்கும், சிறுநீரகம் பழுதானவங்களுக்கும் நான் தரவே மாட்டேன்.

அசிட்ரோம் விஷயம் வேற. அந்த மாத்திரையைக் கல்லீரல்ல சி.ஒய்.பி 2சி9னு ஒரு நொதிதான் உடைக்குது. குவெர்செடின் அந்த நொதியைத் தடுக்கறதைச் சோதனைக்குழாய்ல பாத்திருக்காங்க. இந்த வகை மருந்து ரத்தத்துல ஆல்புமின் புரதத்தோட ஒட்டிக்கிட்டுத்தான் ஓடும், அதையும் இது தள்ளி விடுது. ரெண்டும் ஒரே பக்கம் இழுக்குது: உங்க 2 மில்லிகிராம் மாத்திரை உள்ளே போய் 3 மாதிரி வேலை செய்யலாம். மனுஷங்ககிட்ட இது எந்த அளவுக்கு நடக்கும்னு ஆளுக்கு ஆள் மாறும். வால்வு வெச்சவர்கிட்ட அந்தச் சோதனையை நாம நடத்த வேண்டாம்.

ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. டப்பாவுக்குப் பின்னாடி என்னென்ன எழுதியிருக்கு? இதயத் துடிப்புக்குக் குடுக்கற டிகாக்சின் மாத்திரை சாப்பிடறாரா?

நாகலூர் காபிக்காரி

நிறுத்திட்டேன் அண்ணா. டப்பாவை அலமாரி மேல் தட்டுல வெச்சாச்சு. காலையில 6 மணி பஸ்ல கிளம்பறோம்.

பின்பக்க எழுத்து மிளகைவிடச் சின்னது. போன்ல ஃபோட்டோ எடுத்துப் பெருசாக்கித்தான் படிச்சேன். 1000 மில்லிகிராம்ங்கறது ரெண்டு கேப்ஸ்யூலுக்காம்! அப்ப இவர் சாப்பிட்டது 500-தான். அதோட வைட்டமின் சி, புரோமெலைன்னு ஒண்ணு. எதுல இருந்து எடுத்ததுங்கற இடத்துல சோஃபோரா ஜப்பானிக்கானு போட்டிருக்கு. வெங்காயம்னு எங்கேயும் இல்லை. அடியில ஒரு கட்டத்துக்குள்ள: இதை எஃப்.டி.ஏ பரிசீலிக்கல, இது எந்த நோயையும் குணப்படுத்த இல்லைன்னு. அதுக்குக் கீழே, ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க டாக்டரைக் கேளுங்கன்னு ஒரு வரி. ஒம்பது நாளா அந்த வரி என் கைக்குள்ளதான் இருந்திருக்கு.

டிகாக்சின் உண்டு. அரை மாத்திரை, வாரத்துல அஞ்சு நாள். சனி ஞாயிறு லீவு. பிளேடு வெச்சு நான்தான் வெட்டிக் குடுப்பேன்.

செவ்வாய்ப்பேட்டை மருந்தாளர்

டிகாக்சினும் இருக்குன்னா டாக்டர்கிட்ட அதையும் சேர்த்துச் சொல்லுங்க, நாடித்துடிப்பு பாக்கச் சொல்லுங்க. 2004-ல தைவான்ல பன்றிகளுக்கு டிகாக்சினோட குவெர்செடினும் குடுத்துப் பாத்தாங்க. அதிக அளவு குடுத்த மூணு பன்றியில ரெண்டு அரைமணி நேரத்துக்குள்ள செத்துப்போச்சு. பயமுறுத்தறதுக்குச் சொல்லல, எடைக்கு எடை பாத்தா அவங்க குடுத்தது உங்க கேப்ஸ்யூல் மாதிரி பல மடங்கு. ஆனா குடல்ல டிகாக்சினைத் திருப்பித் தள்ளுற ஒரு பம்பு இருக்கு, குவெர்செடின் அதைத் தடுத்துடும், மருந்து கூடுதலா உள்ளே போயிடும்ங்கறதுதான் அதுல பாடம். டிகாக்சின்ல தேவைக்கும் விஷத்துக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் குறைவு. அதனாலதான் உங்களுக்கு அரை மாத்திரையும் ரெண்டு நாள் லீவும்.

சோஃபோராங்கறது சீனாவுல வளர்ற ஒரு மரம். அதோட பூ மொட்டுல ருட்டின்னு ஒரு சரக்கு ஏராளமா இருக்கு. ருட்டின்ல ஒட்டியிருக்கற சர்க்கரையைக் கழட்டிவிட்டா குவெர்செடின். கடையில வர்ற மாத்திரைகள்ல பெரும்பாலும் அந்த வழியில வந்ததுதான். டப்பாவுல இருக்கற வெங்காயம் படத்துக்கு மட்டும். புரோமெலைன் அன்னாசிச் செடியில இருந்து எடுக்கற நொதி, அதுவும் ரத்தத்தை இளக்கற பக்கம்தான் சாயும்னு ஒரு எச்சரிக்கை உண்டு.

வயசு குறையற கதையையும் சொல்லிடறேன், மருமகன் எங்கே கேட்டிருப்பார்னு தெரியுது. 2015-ல எலிகள்ல குவெர்செடினை டசாட்டினிபோட சேர்த்துக் குடுத்து, கிழட்டுச் செல்களைக் கழிக்கப் பாத்தாங்க. டசாட்டினிப் ரத்தப் புற்றுநோய் மருந்து! 2019-ல நுரையீரல் தழும்பு நோய் இருந்த 14 பேருக்கு அந்த ஜோடியைக் குடுத்துப் பாத்த சின்ன ஆய்வு வந்துச்சு. அங்கேயிருந்து கிளம்பி இங்கே வந்து சேரறப்ப டசாட்டினிப் வழியில இறங்கிடுச்சு, குவெர்செடின் மட்டும் பஸ்ல வந்துடுச்சு.

வெங்காயவடை

எதுக்கு இவ்வளவு செலவு? வெங்காயத்தோட மேல் தோல்லதான் சத்து அதிகம். நான் தோலைச் சேர்த்து வெச்சு கொதிக்க வெச்சுக் குடிக்கறேன். சளி, அலர்ஜி எல்லாத்துக்கும் நல்லது. எங்க பாட்டி காலத்து வைத்தியம்.

செவ்வாய்ப்பேட்டை மருந்தாளர்

மேல் தோல்ல அதிகம்ங்கறது சரி. ஆனா அந்தத் தோல் மேலதான் மண்ணு, மருந்தடிச்ச மிச்சம், கரி பூசின மாதிரி ஒட்டியிருக்கற கறுப்புப் பூஞ்சை எல்லாம் உக்காந்திருக்கு. விரல்ல தேய்ச்சா மை மாதிரி வரும் பாருங்க. உங்க பாட்டி தோலை எருக்குழியில போட்டிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. உங்க இஷ்டம். ஆனா வால்வுக்காரருக்கு இதையும் சொல்லாதீங்க.

லேப் அக்கா

நான் சேலத்துல ஒரு லேப்ல ரத்தம் எடுக்கற வேலையில இருக்கேன். அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை. ஐ.என்.ஆருக்கு எடுக்கற குழாய்க்கு இளநீல மூடி. உள்ளே ரத்தம் உறையாம இருக்க கொஞ்சூண்டு சிட்ரேட் தண்ணி இருக்கும். ஒம்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட்னு கணக்கு. குழாய்ல கோடு போட்டிருக்கும், ரத்தம் அந்தக் கோடு வரைக்கும் ஏறணும். நரம்பு கிடைக்கலைன்னு பாதியில நிறுத்திட்டா சிட்ரேட் அதிகமாகி, ஐ.என்.ஆர் இருக்கறதைவிடக் கூடுதலா காட்டும். எடுக்கறப்ப நீங்களே குழாயைப் பாருங்க, கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. எங்களுக்கே அவசரத்துல தப்பு நடக்கும். ஊசி எடுத்தப்புறம் பஞ்சை அழுத்தி அஞ்சு நிமிஷமாவது பிடிங்க, இவருக்கு நிக்க நேரம் எடுக்கும்.

நாகலூர் காபிக்காரி

போயிட்டு வந்தாச்சு. எல்லாருக்கும் நன்றிங்க.

லேப் அக்கா சொன்ன மாதிரியே குழாயைப் பாத்தேன், சரியா கோடு வரைக்கும் இருந்துச்சு. ஐ.என்.ஆர் 4.8. போன மாசம் 3.1. ஈ.சி.ஜி எடுத்தாங்க, நாடி பாத்தாங்க, டிகாக்சின் பக்கம் பிரச்சினை தெரியலைன்னார் டாக்டர். அசிட்ரோமை ரெண்டு நாள் விட்டுட்டு, மூணாம் நாள் திரும்பப் பாக்கச் சொல்லியிருக்கார்.

நான் பயந்த மாதிரி திட்டல. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “கடைசி ஒரு மாசத்துல வேற என்ன மாறிச்சு?”ன்னு கேட்டார். அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. கடைவாய்ப் பல் வீக்கம்னு கீழே ஒரு பல் டாக்டர்கிட்ட போயிருந்தோம். அவர் மெட்ரோனிடசோல்னு கிருமி மருந்து அஞ்சு நாளைக்குக் குடுத்தார். அசிட்ரோம் சாப்பிடறதைப் பல் டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு எங்க டாக்டர் கேட்டார். சொல்லல. பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்னு நெனச்சுட்டோம். கேப்ஸ்யூல் ஆரம்பிச்சதும் அந்த வாரமேதான். அது போக, வழக்கமா ஒண்ணுவிட்டு ஒரு நாள் கீரை ஆக்குவேன், மிளகு வேலையில பதினஞ்சு நாளா அடுப்புல கீரையே ஏறல. அதுவும் ஐ.என்.ஆரை ஏத்துமாம், கீரையில இருக்கற வைட்டமின் கே குறைஞ்சா மருந்து வேகம் கூடுமாம்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதறேன்: “ஒரே ராத்திரியில மூணு பேர் வீட்டுக்குள்ள வந்திருக்காங்க. யார் எடுத்தான்னு எப்படிச் சொல்லறது? மெட்ரோனிடசோல் பழைய கேடி, அவன் மேலதான் எனக்குச் சந்தேகம் அதிகம். அதுக்காக மத்த ரெண்டு பேரை உள்ளே விட முடியாது.” ஈறுல வந்த ரத்தத்துக்குப் பாதிக் காரணம் அந்த வீங்கின பல்லே இருக்கலாம்னும் சொன்னார்.

தும்மலுக்கு மூக்குல அடிக்கற ஒரு ஸ்ப்ரே எழுதிக் குடுத்திருக்கார். அதைவிட, மிளகு உதிர்க்கறப்ப துண்டைக் கட்டிக்கறதுக்குப் பதிலா நல்ல முகக்கவசம் போடச் சொன்னார். இவருக்கு அதுதான் வேப்பங்காயா கசக்குது.

செவ்வாய்ப்பேட்டை மருந்தாளர்

மெட்ரோனிடசோல்! நான்தான் முதல்ல கேட்டிருக்கணும், புது மாத்திரை ஏதாச்சும் எடுத்தாரான்னு. குவெர்செடின்னு பேரைப் பாத்ததும் மூளை அங்கேயே போயிடுச்சு. 22 வருஷ அனுபவம்னு சொல்லிக்கறதுல அர்த்தமே இல்லை. அது அசிட்ரோமோட வேகத்தைக் கூட்டும்ங்கறது நல்லா தெரிஞ்ச விஷயம். அசிட்ரோம் காரருக்கு அந்த மாத்திரை எழுதினா நாங்களே ஃபோன் போட்டுக் கேப்போம், ஆனா ஆள் சொன்னாத்தானே தெரியும். உங்க டாக்டர் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்லை.

குவெர்செடினும் இன்னொரு மாத்திரையும் ஒரே பரம்பரைதான்னு ஒரு தகவலுக்குச் சொல்லறேன். மூலத்துக்கும், கால் நரம்பு சுருட்டலுக்கும் டாக்டர்கள் எழுதற டயோஸ்மின் 450, ஹெஸ்பெரிடின் 50 மாத்திரையும் ஃபிளேவனாய்டுதான். ஹெஸ்பெரிடின் ஆரஞ்சுத் தோல்ல இருக்கறது. உங்க ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சை உரிச்சா கையில ஒட்டுற வெள்ளை நார் இருக்கே, அதுலயும் இருக்கு. அதை டாக்டர் சீட்டோட குடுக்கறோம், அளவு சொல்லறோம். குவெர்செடினை மட்டும் ஜிம் பையோட விக்கறாங்க. நம்ம ஊர்ல விக்கற டப்பாவுலயும் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு போடணும்னு 2016 விதி சொல்லுது. யார் படிக்கறா?

அஞ்சுரோட்டுக்காரன்

அக்கா, மன்னிச்சுக்கங்க. நான் பயப்படாதீங்கன்னு சொன்னது தப்பு. அண்ணா, அப்ப நான் தொடரலாமா? எனக்கு பி.பி மட்டும் கொஞ்சம் எல்லையில இருக்கு, 134, 136 அப்படி. இதுல பி.பி குறையும்னு படிச்சேன். எங்க அம்மாவும் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கறாங்க, அவங்களுக்கும் குடுக்கலாம்னு இருந்தேன்.

செவ்வாய்ப்பேட்டை மருந்தாளர்

அம்மாவுக்கு வேண்டாம். குவெர்செடின் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும், சாப்பாட்டோட டீ குடிக்காதீங்கன்னு சொல்லற மாதிரிதான். காசு குடுத்து வாங்கின இரும்பு மாத்திரை வீணாப் போகும்.

உங்க பி.பி குறையும்தான், ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பாத்து 2016-ல எழுதினதுல மேல் அளவு சராசரியா 3 புள்ளி. தட்டுவடை செட்டை ஒரு மாசம் விட்டா அதைவிடக் கூடவே குறையலாம், உப்புக்கும் எண்ணெய்க்கும் சேர்த்து. தொடரறதும் விடறதும் உங்க விருப்பம். வேற மாத்திரை ஏதாவது எழுதற டாக்டர்கிட்ட, பல் டாக்டரா இருந்தாலும், இதைச் சாப்பிடறேன்னு சொல்லுங்க.

நாகலூர் காபிக்காரி

மூணாம் நாள் டெஸ்ட் 2.9. அசிட்ரோம் பழைய அளவுலயே ஆரம்பிச்சாச்சு, காலண்டர் தாள் ஒழுங்கா கிழியுது. கையில இருந்த ஊதா மஞ்சளா மாறி மறைஞ்சுட்டிருக்கு. பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கார்.

மருமகன்கிட்ட பேசுனேன். பாவம், ரெண்டு நிமிஷம் பேச்சே வரல. மாமாவுக்கு அசிட்ரோம்னு தெரியும், இது அதோட மோதும்னு தெரியாது அத்தைன்னார். மிச்சம் 111 கேப்ஸ்யூல் இருக்கு. யாருக்காவது குடுத்துடலாமான்னு கேட்டார். எண்ணிட்டுத்தான் வேண்டாம்னு சொன்னேன். அதை வாங்கிக்கப் போற ஆள் என்ன மாத்திரை சாப்பிடறார்னு எனக்கு எப்படித் தெரியும்?

இப்ப அவர் வேற ஒண்ணு கேக்கறார். விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தத்துல வீட்டுலயே ஐ.என்.ஆர் பாக்கற மெஷின் அங்கே கிடைக்குதாம், சித்திரையில வர்றப்ப வாங்கிட்டு வரட்டுமான்னு. வளைவு இறங்கி ஏற ஒரு நாள் போயிடுது, மழைக்காலத்துல மண் சரிஞ்சா பஸ்ஸும் இல்லை. ஆனா அதுக்குப் போடற ஸ்டிரிப் இங்கே சேலத்துல கிடைக்குமா, என்ன விலை, லேப்ல வர்ற அளவோட ஒத்துப்போகுமா? லேப் அக்கா இருக்கீங்களா?